முதலிடம் இருக்கட்டும், கடைசி இடத்தைப் பாருங்கள்: பெங்களூரு சூப்பர் டிவிஷன் கால்பந்து

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஒன்றுமில்லை. நான் பார்த்த சூப்பர் டிவிஷன் ஆட்டம் எதற்கும் கேட்டில் யாரும் டிக்கெட் கேட்டதில்லை. எம்.ஜி. ரோடு மெட்ரோவில் இறங்கி, கருடா மால் பக்கம் நடந்து, பெங்களூரு ஃபுட்பால் ஸ்டேடியத்துக்குள் நுழைந்து, பிடித்த படியில் உட்கார வேண்டியதுதான். சீருடை, நடுவர், லைன்ஸ்மேன், மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை எல்லாம் முறைப்படி உண்டு. சில நாள்களில் ஒரு ஆட்டம் முடிந்த சூட்டோடு அடுத்ததும் நடக்கும். இவ்வளவும் நகரின் நடுமையத்தில். ஆனாலும் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஆட்டத்துக்குக் கன்டீரவா ஸ்டேடியத்தில் கழுத்தில் நீலத் துண்டோடு நிற்கும் நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு லீக் நடப்பதே தெரியாது. அதனால்தான் இந்த விமர்சனம்.

நான் கோலார் தங்கவயல்காரி. 2001-ல் சுரங்கத்தை மூடின பிறகு எங்கள் ஊர் சனத்தில் ஒரு பகுதி காலை ரயிலேறிப் பெங்களூரு வந்து வேலை செய்துவிட்டு ராத்திரி ரயிலில் திரும்பியது. இன்னொரு பகுதி இங்கேயே வீடு பார்த்துக்கொண்டது. நான் கல்யாணமாகி அல்சூருக்கு வந்தேன். வேலை ஒரு பல் லேபில். காலையில் கணக்கு எழுதிவிட்டு, மதியத்துக்கு மேல் ரிச்மண்ட் டவுன், அசோக் நகர் கிளினிக்குகளுக்கு செட்டும் கிரவுனும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கடைசி கிளினிக் முடிந்ததும் நாள் என்னுடையது. என் மாமனார் தூரவாணி நகர் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கம்பெனியின் கால்பந்து அணி தொண்ணூறுகளில் நேஷனல் லீகில் ஆடியது. "நம்ம கேன்டீன்ல பக்கத்து டேபிள்ல சாப்பிடறவன், டிவியில ஈஸ்ட் பெங்காலோட மோதறான்மா" என்று இப்போதும் சொல்வார். அவரைத் தனியாக அனுப்பப் பயந்து கூடப் போக ஆரம்பித்ததுதான். இப்போது அவருக்குக் கால் வலி என்றாலும் நான் போகிறேன்.

லீக் எப்படி ஓடுகிறது என்று தெரியாதவர்களுக்கு: பெங்களூரு மாவட்டக் கால்பந்துச் சங்கத்தின் கீழ் சி, பி, ஏ, அதற்கு மேல் சூப்பர் என்று படிகள். கர்நாடகத்துக்குள் ஒரு கிளப் ஏறக்கூடிய உச்சிப் படி சூப்பர் டிவிஷன். கீழ்ப் படியில் முன்னால் வந்தால் மேலே, மேல் படியில் பின்தங்கினால் கீழே. பெரும்பாலும் ஒவ்வொரு அணியும் மற்ற அணியோடு ஒரே ஒரு தடவைதான் மோதும். ஐரோப்பிய லீக் மாதிரி சொந்த ஊரில் ஒன்று, எதிரி ஊரில் ஒன்று என்று கிடையாது. எல்லாருக்கும் மைதானம் இதுதான். இன்றைக்குத் தோற்றால் அந்தக் கணக்கைத் தீர்க்க அடுத்த சீசன் வரை காத்திருக்க வேண்டும். அடுத்த சீசனில் இரண்டு பேரும் ஒரே டிவிஷனில் இருந்தால்தான் அதுவும்.

அணிகளின் கலவைதான் இந்த லீகின் ருசி. ஒரு பக்கம் ஹெச்.ஏ.எல். போன்ற கம்பெனி அணிகள், ஏ.டி.இ. போன்ற பாதுகாப்பு ஆராய்ச்சித் துறை அணிகள். இன்னொரு பக்கம் ராணுவம்: ஏ.எஸ்.சி., அப்புறம் நம் அல்சூர் ஏரிக்கரை எம்.இ.ஜி. மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்பதால் 'தம்பி'கள் ஆடும்போது படிக்கட்டில் தமிழ்ச் சத்தம் ஒரு பங்கு கூடும். மூன்றாவது பக்கம் இந்தப் பத்துப் பதினைந்து வருடத்தில் தலையெடுத்த தனியார் கிளப்கள்: கிக்ஸ்டார்ட், எஃப்.சி. பெங்களூரு யுனைடெட், எஸ்.சி. பெங்களூரு, ரூட்ஸ், ரெபெல்ஸ், கொடகு. பெங்களூரு எஃப்.சி.யின் இளைஞர் அணியும் இதில் ஆடுகிறது. அகாடமியில் வளர்ந்த, புரோட்டீன் கணக்குப் பார்த்துச் சாப்பிடும் பத்தொன்பது வயதுப் பையனை, காலை ஷிஃப்டில் பஞ்ச் பண்ணிவிட்டு வந்த முப்பத்தைந்து வயதுக்காரர் மார்க் செய்வார். இந்தக் காட்சியை ஐஎஸ்எல்லில் எவ்வளவு காசு கொடுத்தாலும் பார்க்க முடியாது.

மைதானத்துக்கும் மரியாதை உண்டு. பெங்களூரு எஃப்.சி. 2013-ல் தொடங்கியபோது தன் முதல் ஐ-லீக் சீசனின் (அப்போது நாட்டின் உச்சி லீக் அது) சொந்த மைதான ஆட்டங்களை ஆடியது இங்கேதான். அந்த முதல் சீசனிலேயே கோப்பையும் வாங்கியது. அப்புறம்தான் கன்டீரவாவுக்குப் போனார்கள். இன்னும் பின்னால் போனால், 1937-லும் 1938-லும் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி பம்பாய் போய் ரோவர்ஸ் கோப்பையைத் தூக்கி வந்தது. வெள்ளைக்காரப் பட்டாளங்கள் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருந்த கோப்பை அது. மைசூர் மாநில அணிக்கு ஆடிய சாரங்கபாணி ராமன்தான் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர். வெறுங்காலோடு ஆடிய காலம். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் கௌதமபுராவில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் ஒரு சிலை இருக்கிறது. அந்தத் தெருக்காரர்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், பந்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள், பாதித் தமிழில்.

இதையெல்லாம் விக்கிப்பீடியாவில் படிக்கலாம். நான் சொல்ல வந்தது வேறு. புதிதாகப் போகிறவர்கள் முதலிடத்துக்கான ஆட்டத்தைத் தேடிப் போகிறார்கள். என் யோசனை, அதை விடுங்கள். முதலிடக்காரர்கள் இரண்டு பேருமே தனியார் கிளப் என்று வையுங்கள். பயிற்சியாளர் பலகையில் வரைந்தது தரையில் நடக்கும். பின்னால் பாஸ், பக்கவாட்டில் பாஸ், மறுபடி பின்னால். ஒரு பக்கம் ஜெயிக்கும், கோப்பையோடு படம் எடுத்துக்கொள்வார்கள். தப்பில்லை, பார்க்கலாம். ஆனால் சீசனின் கடைசி இரண்டு மூன்று வாரங்களில், அட்டவணையின் கடைசி நான்கைந்து அணிகள் ஒன்றோடொன்று மோதும் நாள் இருக்கிறதே, அந்த நாளுக்கு அரை நாள் லீவு போடலாம்.

அப்படி ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன். அணிகளின் பெயர் வேண்டாம். ஒன்று அலுவலக அணி. இன்னொன்று முந்தின வருடம் ஏ டிவிஷனில் இருந்து ஏறி வந்த பேட்டைக் கிளப், பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். அலுவலக அணிக்கு டிரா போதும். பையன்களுக்கு ஜெயித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் வந்த வழியே ஏ டிவிஷன்.

அலுவலக அணியின் சென்டர் பேக், அதாவது தடுப்பு வரிசையின் நடு ஆள், முழங்காலில் பட்டி கட்டியிருந்தார். மாமாவுக்கு அவரைச் சின்ன வயசிலிருந்து தெரியும். ஓடவே இல்லை மனிதர். ஓடவேண்டிய தேவை வராமல் பார்த்துக்கொண்டார். "ரவி, உள்ள வா, உள்ள வா, அவன் இடது காலுக்காரன்" என்று தமிழில் ஒரு கத்தல், கோல்கீப்பருக்குக் கன்னடத்தில் ஒரு கத்தல், லைன்ஸ்மேனுக்கு இங்கிலீஷ், எதிரணி ஃபார்வர்டு காதுக்குள் மட்டும் உருதுவில் ஏதோ. அந்தப் பையன் முதல் பாதி முழுக்கச் சிரித்துக்கொண்டே ஏமாந்தான்.

பையன்கள் அணியில் ஒரு விங்கர், ஓரத்தில் ஓடி ஆடுகிறவன். ஒல்லி, சாக்ஸை முழங்காலுக்குக் கீழே இறக்கிவிட்டு ஆடினான். இரண்டாம் பாதியில் ஒரு கார்னரைத் தொடர்ந்து கூட்டத்தில் பந்து முட்டி மோதிக் கோலுக்குள் போனது, 1-0. எங்களுக்குப் பின்னால் இருந்த ஆஸ்டின் டவுன் கும்பல் படிக்கட்டை மிதித்தே உடைத்திருக்கும். பத்து நிமிடத்தில் அலுவலக அணி ஒரு லாங் த்ரோவில் தலையால் முட்டிச் சமன் செய்தது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கால்பந்துப் பாடப்புத்தகத்தில் இல்லாதவை. கோல்கீப்பர் லேஸ் கட்டினார். அவிழ்த்தார். மறுபடி கட்டினார். சென்டர் பேக் பந்தை மைதானத்துக்கு வெளியே எவ்வளவு தூரம் உதைக்க முடியுமோ அவ்வளவு தூரம் உதைத்தார். பெஞ்சிலிருந்த ரிசர்வ் ஆட்கள் பந்து எடுத்துக் கொடுக்கத் திருப்பதி நடைபாதையில் ஏறுகிற மாதிரி நடந்தார்கள். "டைம் வேஸ்ட் ரெஃப்! ஹொடி கார்டு!" என்று பின்னால் ஒரே கூச்சல். மாமா மட்டும் ரசித்துக்கொண்டிருந்தார். "இதுவும் ஆட்டம்தாம்மா. சும்மாவா இத்தனை வருஷம் ஆடறான்."

கடைசி நிமிடங்களில் பையன்களுக்கு ஒரு ஃப்ரீகிக். விங்கர் அடித்தான். சுவருக்கு மேலே போனது, கீப்பரைத் தாண்டியது, கோல் லைனில் பட்டி கட்டின முழங்கால் எங்கிருந்தோ வந்து நின்றது. பந்து அதில் பட்டு வெளியே. விசில். அவ்வளவுதான், பையன்கள் இறங்கிவிட்டார்கள்.

விங்கர் தரையில் உட்கார்ந்து அழுதான். அழுகையைப் பார்க்கப் போகச் சொல்லவில்லை. அடுத்து நடந்ததற்காகச் சொல்கிறேன். நாங்கள் வெளியே வரும்போது அந்த சென்டர் பேக், பையில் ஐஸ் வைத்துக் கட்டின காலோடு, அதே விங்கரைக் கேட் அருகே நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். எந்த காலேஜ், எந்த வருஷம், மார்க் எவ்வளவு என்று விசாரணை. "எங்க டிபார்ட்மென்ட்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா வந்தா சொல்றேன். டிகிரிய மட்டும் விட்றாதே, தெரிஞ்சுதா?" பையன் தலையாட்டினான். மாமா திரும்பி வரும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேசினார். அவர் காலத்தில் இதே மாதிரி ஒரு மனிதர் சொன்னதால்தான் அவருடைய சிநேகிதர் ஒருவர் வேலைக்கே சேர்ந்தாராம்.

இறங்குவது என்றால் இங்கே என்ன ஆகிறது என்பதை அந்த இரண்டு பேரையும் வைத்தே புரிந்துகொள்ளலாம். அலுவலக ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் கம்பெனியில் வருகிறது. அணி எந்த டிவிஷனில் இருந்தாலும் சம்பளச் சீட்டு மாறாது. ஆனால் இறங்கின அணிக்கு அடுத்த வருடம் நிர்வாகத்தில் யார் லீவு கொடுப்பார்கள், யார் புது ஆட்களை எடுப்பார்கள்? தனியார் கிளப் பையனுக்கு நிலைமை நேரெதிர். மாதத்துக்கு இவ்வளவு அல்லது ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கிளப் கொடுக்கிறது, பெரிய தொகை இல்லை. மாலையில் பள்ளிகளில் கோச்சிங், சிலருக்கு டெலிவரி வேலை என்று சேர்த்து ஓட்டுகிறார்கள். ஏ டிவிஷனுக்கு இறங்கினால் ஸ்பான்சர் போய்விடுவார், நல்ல ஆட்டக்காரர்கள் அடுத்த பதிவு நாளில் வேறு கிளப்பில் கையெழுத்துப் போடுவார்கள். கிளப் திரும்ப ஏறினாலும் அதே முகங்கள் இருக்காது. இந்த இரண்டு பயங்களும் ஒரே மைதானத்தில் மோதுவதால்தான் கீழ் வரிசை ஆட்டங்கள் அப்படிச் சூடாக இருக்கின்றன.

மேலே போகிற வழியைப் பற்றி மாமாவுக்கும் எனக்கும் ஒத்துப் போகாது. சூப்பர் டிவிஷனில் நன்றாக ஆடும் கிளப்பை மாநிலச் சங்கம் தேசிய லீகுகளின் கீழ்ப் படிக்குப் பரிந்துரைக்கும். அங்கிருந்து படிப்படியாக மேலே; 2024-25 வரை அந்தப் படிகளின் பெயர் ஐ-லீக் 3, ஐ-லீக் 2, ஐ-லீக். கம்பெனி, ராணுவ அணிகள் இந்த வழியில் பெரும்பாலும் போவதில்லை. ஒரு காலத்தில் ஹெச்.ஏ.எல். ஐ-லீக் வரை போய் ஆடியது; 2012-ல் இறங்கியது. அதற்கப்புறம் அந்தக் கதவு தனியார் கிளப்களுடையதாகிவிட்டது. எஸ்.சி. பெங்களூரு 2023-24-ல் ஐ-லீக் 2-ஐ ஜெயித்து மேலே போனது. அடுத்த சீசனே ஐ-லீக் அட்டவணையின் கடைசி இடங்களில் ஒன்றில் முடித்தது. அந்த ஐ-லீக் சீசனின் உள்ளூர் ஆட்டங்களும் இதே அசோக் நகர் ஸ்டேடியத்தில்தான் நடந்தன. பார்த்தவர்களுக்குத் தெரியும், சூப்பர் டிவிஷனுக்கும் அதற்கும் உள்ள வேகத்தின் இடைவெளி.

மாமா சொல்வது, கம்பெனி அணி போய்விட்டால் லீகே போய்விட்டது. நான் சொல்வது, அடியில் இருக்கிற ஏணி நேர்மையாக இருக்கிறது, நடுவில்தான் கோளாறு. சி டிவிஷனில் ஒரு தெருக் கிளப் பந்து ஆடி மட்டுமே சூப்பர் வரை வரலாம். சூப்பரில் இருந்து மேலே போக, பந்தோடு பணமும் காகிதமும் வேண்டும். உச்சியில் ஐஎஸ்எல்லுக்கோ 2023-ல்தான் முதல் தடவை ஐ-லீகில் ஜெயித்த அணி, பஞ்சாப், ஏற முடிந்தது. கீழே இறக்கும் ஏற்பாடு அப்போதும் வரவில்லை. கடைசி இடத்தில் இருக்கிறவனுக்கு எதுவும் ஆகாது என்று தெரிந்த லீகில், பிப்ரவரிக்கு மேல் ஆட்டக்காரர்கள் நடந்துகொண்டே ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். சூப்பர் டிவிஷனில் அப்படி நடப்பவரைப் படிக்கட்டில் இருக்கிற அவருடைய சித்தப்பாவே திட்டுவார்.

சரி, நடைமுறை விஷயங்கள். ஆட்டங்கள் பெரும்பாலும் வேலை நாள்களில், மதியமும் மாலையும். இது லீகின் மிகப் பெரிய குறை என்பது என் கருத்து. அலுவலக அணிகளுக்கு வசதி, ஒரே மைதானத்தில் பல டிவிஷன்களையும் முடிக்க வேண்டிய கட்டாயம், எல்லாம் சரி. ஆனால் பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் வரமுடியாத நேரத்தில் நடத்திவிட்டுக் கூட்டம் வரவில்லை என்று வருத்தப்பட்டு என்ன பயன்? கீழ் வரிசை ஆட்டங்களில் நாலைந்தையாவது ஞாயிறு மாலைக்கு மாற்றினால் அல்சூரும் ஆஸ்டின் டவுனும் கௌதமபுராவும் சேர்ந்து அரை ஸ்டேடியத்தை நிறைத்துவிடும்.

உட்காரும் இடம் சிமென்ட் படிக்கட்டு. மதிய வெயில் ஏறின படியில் வெறுமனே உட்கார முடியாது, ஒரு பழைய டவல் அவசியம். கூரை போட்ட பக்கம் நிழல், ஆனால் அங்கே சங்கத்துக்காரர்களும் கிளப் பெரியவர்களும் இருப்பதால் சத்தம் போட்டுப் பார்க்கும் சுகம் குறைவு. எதிர்ப்பக்கம் வெயில், ஆனால் அங்கேதான் ஆட்டம் காதில் விழும். தரை செயற்கைப் புல். மழை பெய்தாலும் சேறாகாது, ஆட்டம் தடைபடாது, அது நல்லது. ஆனால் பந்து நிஜப் புல்லில் போவதைவிட விரைவாக ஓடி எல்லையைத் தாண்டிவிடும், வெயில் நேரத்தில் தரை அனல் கக்கும். ஆட்டக்காரர்கள் விழுந்து எழுந்தால் முழங்கையில் தோல் உரிந்திருக்கும், கருப்பு ரப்பர்த் துணுக்குகள் ஒட்டியிருக்கும். மாமாவின் தலைமுறைக்கு இந்தத் தரை பிடிப்பதே இல்லை. எனக்குப் பழகிவிட்டது. தங்கவயலில் நாங்கள் பார்த்த மைதானங்களில் புல் என்பதே கிடையாது.

பெண்கள் வருவது குறைவு. ஆட்டக்காரர்களின் அம்மாக்கள், அக்காக்கள், சில கல்லூரிப் பெண்கள், அப்புறம் மகளிர் லீகில் ஆடுகிற பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். கர்நாடக மகளிர் லீகும் தனியாக நடக்கிறது. கிக்ஸ்டார்ட்டின் மகளிர் அணி தேசிய லீக் வரை ஆடுகிறது. அந்தப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்தால் ஆஃப்சைடு பற்றிய சந்தேகங்கள் இலவசமாகத் தீரும். தனியாகப் போனாலும் யாரும் முறைத்துப் பார்த்ததில்லை. மிஞ்சிப்போனால் ஒரு பெரியவர் "யாரோட தங்கச்சிம்மா நீ?" என்று கேட்பார். யாரோடதும் இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்று சொன்னால் அவருக்கு அவ்வளவு சந்தோஷம், வேர்க்கடலை பொட்டலத்தை நீட்டுவார்.

சாப்பாடு உள்ளே எதிர்பார்க்காதீர்கள். வெளியே சுருமுரிக்காரர் (மசாலாப் பொரி விற்பவர்) நிற்கிற நாள் அதிர்ஷ்ட நாள். ஒருமுறை பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் வாங்கிய முட்டை பஃப் ஆட்டம் முடிவதற்குள் வயிற்றைக் கலக்கிவிட்டது. அதிலிருந்து வீட்டிலேயே எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போகிறோம். தண்ணீரும் கொண்டு போங்கள். ஆட்டம் முடிந்து நேரம் இருந்தால் ஜான்சன் மார்க்கெட் வரை நடந்து ஒரு சுலைமானி டீ குடிப்பது மாமாவின் வழக்கம். டீக்காகவா பேச்சுக்காகவா என்று கேட்கக் கூடாது.

என்றைக்கு எந்த ஆட்டம் என்று தெரிந்துகொள்வதுதான் பெரும்பாடு. உலகத்து லீக் எல்லாம் தன்னிடம் இருப்பதாகச் சொல்லும் ஒரு ஸ்கோர் செயலியை நம்பி ஒரு நாள் கிளினிக் வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டுப் போனேன். செயலிக் கணக்குப்படி ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. மைதானத்தில் இரண்டாம் பாதி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் செயலியை அன்றைக்கே நீக்கினேன். மாநிலச் சங்கத்தின் சமூக ஊடகப் பக்கம், இல்லையென்றால் ஒரு கிளப்பின் பக்கம், இரண்டில் ஒன்றைப் பின்தொடருங்கள். அதைவிட நல்ல வழி, ஏதாவது ஒரு கிளப்பில் ஆடுகிற பையனின் நம்பர் வாங்கி வைத்துக்கொள்வது. வரமுடியாதவர்கள் யூடியூப் நேரலையில் பார்க்கலாம், ஆட்டங்களை அங்கே போடுகிறார்கள். ஆனால் கேமராவில் அந்த சென்டர் பேக் பேசுவது கேட்காது.

ஆட்டத்தின் தரம் எப்படி என்று கேட்பீர்கள். முதல் ஐந்தாறு அணிகளின் ஆட்டம் சுத்தம். முதல் தொடுதலும் ஓட்டமும் ஐ-லீகுக்கு ஓரளவு பக்கத்தில் வரும். நடு அணிகள் நாளுக்கு ஒரு மாதிரி. அடியில் இருக்கிறவர்கள் அறுபது நிமிடம் வரை நன்றாக ஆடுவார்கள், அப்புறம் மூச்சு வாங்கும், இரண்டு அணிக்கும் நடுவே லாரி போகிற அளவு இடம் திறக்கும், கோல்கள் விழும். ஒன்றைச் சொல்ல வேண்டும்: 2023 மார்ச் 4-ம் தேதி ரியாத்தில் நடந்த, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி இறுதியில் மேகாலயாவை 3-2 என்று ஜெயித்து, 54 வருடம் கழித்துக் கோப்பையை வாங்கிய கர்நாடக அணி இந்த லீகில் ஆடுகிற பிள்ளைகளால் ஆனதுதான். சுனில் குமார், பெக்கி ஓரம், ராபின் யாதவ் ஆளுக்கு ஒரு கோல். அன்று ராத்திரி மாமா போனை மடியில் வைத்துக்கொண்டு, "இவன நம்ம படிக்கட்டுல இருந்து திட்டியிருக்கேனே" என்று ஒவ்வொரு பெயருக்கும் சொன்னார். 1968-69-ல் கடைசியாக ஜெயித்தபோது அணியின் பெயர் மைசூர். மாமா அரை டிராயர் போட்ட பையன்.

மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு நான்கு. ஆட்டத்துக்கும் விலைக்கும் முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு, வேலை நாள் மதியத்துக்கு முக்கால், தேடித் தெரிந்துகொள்ள வேண்டிய தலைவலிக்குக் கால் என்று கழித்தேன். மாமா மூன்றுக்கு மேல் தரமாட்டேன் என்கிறார், அவருக்கு ஐ.டி.ஐ. இல்லாத அட்டவணை அட்டவணையே இல்லை. பெரிய திரை, ரீப்ளே, ஏசி, கோலுக்குப் பட்டாசு இவை வேண்டும் என்பவர்கள் கன்டீரவாவுக்கே போகலாம், அங்கேயும் நல்ல ஆட்டம்தான். எட்டு வயதுக்கு மேல் பந்து ஆடுகிற பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு சனிக்கிழமை ஆட்டமாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள். கெட்ட வார்த்தை காதில் விழும், நான்கு மொழியிலும் விழும், அதற்குத் தயாராக இருங்கள்.

இறங்கின அந்தப் பேட்டைக் கிளப் இப்போது ஏ டிவிஷனில் ஆடுகிறது. விங்கர் இன்னும் அங்கேதான் இருக்கிறான், வேறு கிளப்புக்குப் போகவில்லை. அவன் ஆட்டத்தைப் பார்க்கப் போகலாம் என்று மாமா நச்சரிக்கிறார். மதியம் ஒரு மணிக்கு ஆட்டம் என்கிறார். கிளினிக்காரர்களிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.